குழந்தைக்கு ஆபரேஷன்: தேதி குறித்த நாளிலிருந்து பெற்றோர் கேட்பவை

குடலிறக்கம், டான்சில், இறங்காத விரை, பிளவுபட்ட உதடு, மாறுகண், இதயத்தில் ஓட்டை. காரணம் எதுவானாலும் "தேதி கொடுத்துட்டாங்க" என்ற நாளிலிருந்து வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. தையல் எத்தனை, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதையெல்லாம் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கேட்டு முடித்துவிடுவார்கள். மனதை அரிக்கும் கேள்விகள் மயக்க மருத்துவர் வரும்போதுதான் தலைகாட்டும். சில சமயம் அவர் பேசி முடித்துக் கிளம்பும்போது, வாசல்வரை கூடவே வந்து, குழந்தைக்குக் கேட்காத குரலில். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளும் எங்களைப் போன்ற மயக்க மருத்துவர்கள் சொல்லும் பதில்களும் இங்கே. முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷன்களை மனதில் வைத்து எழுதியது. விபத்து, குடல் அடைப்பு போன்ற அவசரங்களில் முறைகள் மாறும்.

ஆபரேஷனைவிட மயக்க மருந்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எங்களுக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, பெரும்பாலான பெற்றோருக்கு அப்படித்தான். காயம் கண்ணுக்குத் தெரியும், ஆறுவதும் தெரியும். மயக்கம் என்பது குழந்தையை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்பது. "எழுந்திருக்காமலே போயிட்டா?" என்பதுதான் கேள்வியின் உண்மையான வடிவம். யாரும் அதை அப்படியே கேட்பதில்லை. கேளுங்கள். எங்களுக்கு அது புதிதும் இல்லை, அபசகுனமும் இல்லை.

மெல்போர்னிலுள்ள ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் 2003 முதல் 2008 வரை கொடுக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். மயக்கத்தோடு தொடர்புடைய இறப்புகள் 10. அந்த 10 குழந்தைகளுக்கும் ஏற்கெனவே வேறு தீவிரமான நோய் இருந்தது. ஆரோக்கியமாக இருந்து சின்ன ஆபரேஷனுக்கு வந்த குழந்தை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அது வசதிகள் நிறைந்த பெரிய குழந்தைகள் மருத்துவமனை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதனால் உங்கள் மருத்துவமனையில் கேட்கவேண்டியது இதுதான்: குழந்தைகளுக்கு வழக்கமாக மயக்கம் கொடுப்பவர் இருக்கிறாரா, ஆபரேஷன் முடியும்வரை அவர் அறையை விட்டு நகராமல் இருப்பாரா, அதன்பின் குழந்தையை எங்கே வைத்துக் கவனிப்பார்கள்.

ஒரு வயதுக்குள் இருப்பது, குறைமாதத்தில் பிறந்தது, இதயக் கோளாறு, அவசர ஆபரேஷன் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். உங்கள் குழந்தை இதில் எதிலாவது வந்தால் பொதுவான ஆறுதலில் திருப்தி அடையாமல், "இவனுக்கு எவ்வளவு?" என்று நேராகவே கேளுங்கள்.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

அதன் மூலம் ஓரளவு உண்மை. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ, பலமுறை கொடுக்கும் மயக்கமோ வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று. அதற்கான ஆதாரத்தில் பெரும்பகுதி விலங்கு ஆய்வுகளிலிருந்து வந்தது. வாட்ஸப்பில் அந்த 3 மணி நேரம் விழுந்துவிடும், மூளை மட்டும் மிஞ்சும்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த கைக்குழந்தைகளில் பாதிப்பேருக்கு முழு மயக்கமும் மீதிப்பேருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் கொடுத்து, 5 வயதில் அவர்களுடைய அறிவுத்திறனைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2019இல் முடிவைச் சொன்னது: ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஒரே மயக்கத்தால் வித்தியாசம் எதுவும் இல்லை. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனாக இருந்தால் மூன்று வயது தாண்டலாமா என்று கேளுங்கள், நியாயமான கேள்விதான். ஆனால் கைக்குழந்தையின் குடலிறக்கத்தைத் தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் கண்ணெதிரே இருக்கிறது.

என் பயம் குழந்தைக்குத் தொற்றிக்கொள்ளுமா?

தொற்றும். ஒரு வயதுக் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவின் கை இறுகுவதும் குரல் மாறுவதும் தெரியும். அதற்காக நடிக்கவேண்டாம். உதட்டில் சிரிப்பும் கண்ணில் கண்ணீருமாக நிற்கும் அம்மா, அழுதுகொண்டே நிற்பவரைவிடக் குழந்தையைக் குழப்புவார்.

நடைமுறையில் உதவுவது வேலையைப் பிரித்துக்கொள்வதுதான். வீட்டில் யாருக்குப் பதற்றம் குறைவோ அவர் தியேட்டர் வாசல்வரை குழந்தையோடு போகட்டும். அது அம்மாவாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. அப்பா போகலாம், சித்தி போகலாம், மாமா போகலாம். அமைதியான பெற்றோர் கூட இருந்தால் பயந்த குழந்தை தணிகிறது. பதறும் பெற்றோர் கூட இருந்தால் யாருக்கும் பலனில்லை என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. "பெத்தவளே போகலேன்னா எப்படி?" என்று உறவில் ஒருவர் கேட்பார். அவரிடம் பார்க்கிங் சீட்டைக் கொடுத்து வண்டியைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

குழந்தையிடம் சொல்லலாமா? எப்போது, எவ்வளவு?

சொல்லத்தான் வேண்டும். எப்போது என்பது வயதைப் பொறுத்தது.

ஆறேழு மாதத்துக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் யார் தூக்கினாலும் போகும். அங்கே தயாராகவேண்டியவர்கள் நீங்கள்தான். எட்டு மாதத்தில் தொடங்கி நாலைந்து வயதுவரை பிரிவுதான் பெரிய பயம், ஆபரேஷன் இரண்டாம்பட்சம். இரண்டு வயதுக்காரனிடம் ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரமும் பயப்படுவான். முதல் நாளோ அன்று காலையோ போதும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். ஆறு வயதுக்கு மேல் ஒரு வாரமாவது வேண்டும், ஏனென்றால் அவர்கள் யோசிப்பார்கள், இரண்டு நாள் கழித்துக் கேள்வியோடு திரும்பி வருவார்கள்.

மூன்றிலிருந்து ஆறு வயதுவரை இன்னொரு சங்கதி உண்டு. நான் சேட்டை பண்ணினேன், அதனால்தான் ஆஸ்பத்திரியில் விடுகிறார்கள் என்று குழந்தை தானே ஒரு கதை கட்டிக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்லாது. நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. வயித்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கு, அதை டாக்டர் மூடப்போறாங்க."

"தூங்க வைப்பாங்க" என்ற சொல்லிலும் கவனம் தேவை. வீட்டு நாய்க்குட்டியையோ தாத்தாவையோ "தூங்கிட்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அந்தச் சொல் வேறு அர்த்தத்தில் போய் உட்கார்ந்திருக்கும். "இது மருந்து கொடுத்து வர்ற தூக்கம். அதுல வலி தெரியாது. வேலை முடிஞ்சதும் மருந்தை நிறுத்துவாங்க, நீ முழிச்சுக்குவே" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

"ஊசியே போட மாட்டாங்க" என்று சொல்லிக் கூட்டிவந்தோம். தப்பா?

தப்புதான். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அரை மணி நேரத்தில் சிஸ்டர் கையில் ஊசி குத்தி டிரிப்ஸுக்கு வழி செய்யும்போது அந்தப் பொய் உடையும். அதற்குப் பிறகு "வலிக்காது", "அம்மா வெளியேதான் இருப்பேன்" என்று நீங்கள் சொல்லும் எதையும் குழந்தை நம்பாது. அதுவரை உங்களிடம் இருந்த ஒரே மருந்து உங்கள் சொல்தான். அதையும் தொலைத்துவிட்டு தியேட்டர் வாசலுக்கு வருகிறீர்கள். "பொம்மை வாங்கப் போறோம்" என்று வண்டியில் ஏற்றி நேராக வார்டுக்குக் கூட்டிவரப்பட்ட குழந்தைகளும் உண்டு. அவர்களை மயக்கத்துக்கு இணங்க வைப்பதுதான் எங்கள் நாளின் மிகக் கடினமான வேலை.

இதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று நம் வீடுகளில் மூன்று வேளையும் மிரட்டுகிறோம். தேதி குறித்த நாளிலிருந்தாவது நிறுத்துங்கள். ஊசி தண்டனை என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டு ஆபரேஷனன்று அது நல்லதுக்கு என்றால் எந்தக் குழந்தை ஏற்கும்?

என்ன சொல்லலாம்? "ஒரு ஊசி உண்டு. எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னு இருக்கும். அப்போ என் விரலை நீ எவ்வளவு இறுக்கிப் பிடிக்க முடியும்னு பார்க்கலாம்." பொய்யும் இல்லை, குழந்தை கையில் ஒரு வேலையும் இருக்கிறது. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு மருந்துக்கடையில் கிடைக்கும். மருத்துவரைக் கேட்டு, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைத்தால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது. அவசரத்தில் பத்து நிமிடம் முன்னால் தடவிப் பயனில்லை.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று விடாமல் சொல்வதும் எதிர்மாறாக வேலை செய்கிறது. குழந்தைகளின் வலியையும் பயத்தையும் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது. அந்தக் குரலைக் கேட்டதும் ஏதோ இருக்கிறது என்று குழந்தை புரிந்துகொள்கிறது. பேச்சை மாற்றுவது, கதை சொல்வது, செல்போனில் பிடித்த கார்ட்டூன் வைப்பது ஆகியவை பலன் தருகின்றன. வீட்டில் செல்போனே தராத கொள்கைக்காரப் பெற்றோரும் அன்று ஒரு நாள் கொள்கையைப் பையில் போட்டு வைக்கலாம்.

வெறும் வயிறு எத்தனை மணி நேரம்? ஒரு வாய் பால்தானே, கொடுத்தால் என்ன?

மயக்கத்தில் இருமல் போன்ற தற்காப்புகள் வேலை செய்யாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் விபரீதம். அதனால்தான் கணக்கு: திட உணவு, பசும்பால், பால்மாவு ஆகியவற்றுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிவான தண்ணீர், சர்க்கரைத் தண்ணீருக்கு 2. 2018க்குப் பிறகு பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தெளிந்த நீருக்கு ஒரு மணி நேரம் போதும் என்றாக்கிவிட்டார்கள். உங்கள் மருத்துவமனை சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. கஞ்சி, மோர், பால் கலந்த டீ எல்லாம் தண்ணீரில் சேராது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. "நைட் பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று பெரியவர்களுக்குச் சொல்வதையே குழந்தைக்கும் சொல்லி, ஆபரேஷன் மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நடந்தால், குழந்தை பதின்மூன்று மணி நேரம் நாக்கு வறண்டு அழுகிறது. அந்த அழுகையைப் பயம் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதி பசி, பாதி தாகம். முதல் நாளே கேளுங்கள்: "லிஸ்ட்டில் எத்தனையாவது? தண்ணீர் எத்தனை மணிவரை கொடுக்கலாம்?" வயதில் சிறிய குழந்தையை முதலில் எடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டிக்குத் தனியாகச் சொல்லுங்கள். "பச்சப்புள்ள பசியில வாடுதே" என்று மனசு கேட்காமல் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் நீளும். நீண்டுவிட்டால் மறைக்காதீர்கள். திட்டினாலும் திட்டட்டும், நேரம் தள்ளிப்போனாலும் போகட்டும்.

அம்மாவும் சேர்ந்து பட்டினி கிடக்கவேண்டாம். குழந்தையின் கண்ணில் படாமல் இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வாசலில் மயங்கி விழும் அம்மாவைத் தூக்கவும் ஆள் தேவைப்படும்.

லேசாகச் சளி இருக்கிறது. சொன்னால் தேதி போய்விடும். சொல்லாமல் விடலாமா?

விடக்கூடாது. காப்பீட்டு அப்ரூவல் வாங்க அலைந்திருப்பீர்கள், லீவு போட்டிருப்பீர்கள், ஊரிலிருந்து மாமியார் வந்திருப்பார். எல்லாம் புரிகிறது. ஆனால் சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் எரிச்சலோடு இருக்கும். மயக்கம் கொடுக்கும்போதும் விழிக்கும்போதும் குரல்வளை சட்டென்று இறுகி மூச்சு அடைபடலாம், நெஞ்சு இழுக்கலாம். மூக்கில் தண்ணீராக ஒழுகுவது மட்டும் என்றால் பெரும்பாலும் தேதி மாறாது. காய்ச்சல், கபத்தோடு இருமல், மூச்சில் விசில் சத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது இவையெல்லாம் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளுவார்கள். முடிவெடுப்பது எங்கள் வேலை, சொல்வது உங்கள் வேலை.

மறைக்கக்கூடாத மற்றவை: வலிப்பு, ஆஸ்துமா, ஆடும் பல், தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் குறட்டை, நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்தும். "எங்க பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரலையாம்" போன்ற குடும்பக் கதைகளைக் கட்டாயம் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. ஆரிய வைசிய சமூகத்தில் இது அதிகம். அதற்கான மரபணு மாற்றம் ஒன்றைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006இல் விவரித்தது. சில நிமிடத்தில் தீரவேண்டிய மருந்து அவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும். முன்பே தெரிந்தால் அந்த மருந்தைத் தவிர்த்துவிடலாம், அவ்வளவுதான்.

தியேட்டருக்குள் நாங்களும் வரலாமா?

சில தனியார் மருத்துவமனைகளில் குழந்தை மயங்கும்வரை ஒருவரை அனுமதிக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இடமும் கூட்டமும் பெரும்பாலும் இடம்கொடுப்பதில்லை. அனுமதி கிடைக்கவில்லையே என்று மனம் உடையவேண்டாம். பெற்றோர் யாராவது கூட இருந்தாலே குழந்தையின் பதற்றம் குறைந்துவிடும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. வாசலில் பிரியும் முன் கொடுக்கும் மருந்து அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

மிடசோலம் என்ற மருந்தை இனிப்பில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். இருபது முப்பது நிமிடத்தில் குழந்தை தூங்காது, ஆனால் கள்ளுண்டவன்போலச் சிரித்துக்கொண்டு யார் தூக்கினாலும் போகும். பிரிந்த நிமிடம் பெரும்பாலும் நினைவிலும் இருக்காது. மூக்கில் சொட்டாக விடும் மருந்துகளும் உண்டு. "என் குழந்தை ரொம்பக் கூச்ச சுபாவம், புதுசா யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இதைத் திட்டமிட முடியும்.

உள்ளே போக அனுமதி கிடைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முகமூடி வழியாக மயக்கம் ஏறும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் குழந்தையின் கண் மேலே செருகும், கைகால் உதறும், மூச்சில் குறட்டைச் சத்தம் வரும். இது எதிர்பார்ப்பதுதான். பார்க்கும் பெற்றோருக்கு மட்டும் அந்தக் காட்சி நாள்கணக்கில் கண்ணிலேயே நிற்கும். போகலாம் என்று சொன்னதும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

முதுகில் ஊசி போடுவார்களாமே, காலம் முழுக்க முதுகுவலி வருமா?

தொப்புளுக்குக் கீழே நடக்கும் ஆபரேஷன்களுக்கு, குழந்தை மயங்கிய பிறகு, முதுகின் அடிநுனியில் ஓர் ஊசி போடுவது வழக்கம். குழந்தைக்குக் குத்தியதே தெரியாது. விழித்த பிறகும் சில மணி நேரம் வலி இல்லாமல் இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் கால் கனமாக, தள்ளாடலாக இருக்கும். எழுந்து ஓட விடாதீர்கள். வாழ்நாள் முதுகுவலி வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சம்மதப் படிவத்தில் "உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்று எழுதியிருக்கிறது. ரத்தமும் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். நிலைமை மோசமா?

அந்த வரி காது குத்துவதைவிடக் கொஞ்சம் பெரிய எல்லா ஆபரேஷனுக்கும் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் மருத்துவமனையின் கவனக்குறைவுக்கும் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. ரத்தம் கையிருப்பில் இருக்கட்டும் என்பது முன்ஜாக்கிரதை, ஏற்றியே தீருவார்கள் என்று பொருளில்லை. ஆனால் படிவத்தில் "ஹை ரிஸ்க்" என்று தனியாகக் கையால் எழுதிக் கையெழுத்து கேட்டால், என்ன காரணத்தால் என்று கேட்காமல் போடாதீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு அவசரமாக நீட்டினாலும் படிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

நல்ல நேரம், தாயத்து, திருநீறு?

ராகு காலம் பார்த்து லிஸ்ட் போடுவது கடினம். குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதை எந்த மருத்துவரும் தடுக்கமாட்டார். பதறும் கைகளுக்கு அதுவும் ஒரு வேலை. அரைஞாண், தாயத்து, காப்பு, கொலுசு போன்ற உலோகங்கள் கழற்றப்படவேண்டும், ஏனென்றால் ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். நகப்பூச்சும் மருதாணியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியைக் குழப்பும். கழற்றியதை அம்மாவின் கையில் கட்டிக்கொள்ளலாம் என்று குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும்.

ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டு மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை!

அறுவை சிகிச்சை மருத்துவர் சொல்வது கத்தி வைத்ததிலிருந்து தையல் முடியும்வரையான நேரம். அதற்கு முன் முந்தைய ஆபரேஷன் முடியவேண்டும், மயக்கம் ஏறவேண்டும், சின்னக் கையில் நரம்பு தேடவேண்டும். பின்னால் குழந்தை கண் விழித்து, மூச்சு சீராகி, கவனிப்பு அறையில் கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். உள்ளே அனுப்பும் முன்பே "மொத்தமா எவ்வளவு நேரம் கழிச்சு கையில கிடைப்பான்?" என்று கேட்டால் சரியான கணக்கு வரும். தாமதமானால் போய்க் கேளுங்கள், யாரும் கோபிக்கக்கூடாது.

கண் விழித்ததும் என்னையே அடையாளம் தெரியாமல் கத்தி, கையிலிருந்த டிரிப்ஸைப் பிய்த்தாள். என்ன ஆயிற்று?

மருந்து இறங்கும்போது மூளையின் ஒரு பகுதி முன்னும் மற்றது பின்னுமாக விழிப்பதால் வரும் குழப்பம். இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை அதிகம்; செவோஃப்ளூரேன் என்ற வாயுவுக்குப் பிறகு அதிகம்; பயந்துகொண்டே மயங்கிய குழந்தைக்கு இன்னும் அதிகம். பேசித் தெளிய வைக்க முயலாதீர்கள். விழாமல் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே குரலில் பேரைச் சொல்லிக்கொண்டிருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கும், பிறகு குழந்தைக்கு ஞாபகமும் இருக்காது. வலியோ பசியோ காரணமா என்று சிஸ்டர் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு படுக்கையை நனைக்கிறான், பாத்ரூமுக்குக்கூட என்னை விடமாட்டேன் என்கிறான்.

ஆபரேஷன் முடிந்த ஒன்றிரண்டு வாரம் பல குழந்தைகளிடம் இது நடக்கும்: கெட்ட கனவு, ஒட்டிக்கொள்வது, சாப்பிட மறுப்பது, திடீர்க் கோபம். "பெரிய பையன் இப்படிப் பண்ணலாமா" என்று கேலி செய்யவேண்டாம். ராத்திரி கூடப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள், நீங்கள் நோயாளியாகப் படுத்துக்கொடுங்கள். வலி மருந்தை அழுதால்தான் தருவது என்று வைக்காமல் மருத்துவர் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டால் மற்றதெல்லாம் கெடுகிறது. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. எதுவும் கேட்பதில்லை, பயமே இல்லைபோல.

கேட்காததைப் பயமில்லாததாக எண்ணிவிடாதீர்கள். இந்த வயதின் பயங்கள் வேறு: பாதியில் முழித்துக்கொண்டால்? மயக்கத்தில் ஏதாவது உளறிவிட்டால்? உடையை யார் மாற்றுவார்கள்? மாதவிடாய் அன்றே வந்துவிட்டால்? அப்பா பக்கத்தில் நிற்கும்போது இதில் ஒன்றையும் கேட்கமாட்டாள். மயக்க மருத்துவரோடு ஐந்து நிமிடம் தனியாக, பெண் செவிலியர் உடனிருக்க, பேச விடுங்கள். மாதவிடாய் வந்தாலும் பெரும்பாலும் ஆபரேஷன் நிற்காது என்பதை அம்மா முன்பே சொல்லிவிடலாம்.

குழந்தையை விடுங்கள், எனக்குத்தான் படபடப்பு தாங்கவில்லை.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அப்பாக்கள் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள், அதுவும் படபடப்புதான். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் கேட்டது காதில் தங்காது. முதல் நாள் இரவு யூடியூபில் ஆபரேஷன் வீடியோ தேடாதீர்கள். விசாரிக்கும் போன்களுக்கெல்லாம் பதில் சொல்ல ஒரே ஆளை நியமித்துவிடுங்கள். நாள்கணக்கில் தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது என்றால் அது உங்களுக்கான சிகிச்சை தேவைப்படும் நிலை. தமிழ்நாட்டில் 104 எண்ணில் ஆலோசனை கிடைக்கும், மருத்துவரிடமும் சொல்லலாம்.

முதல் ஆபரேஷனில் நாலு பேர் பிடித்து அழுத்தித்தான் மயக்கம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அடுத்தது. இப்போதே ஆஸ்பத்திரி வாசலைக் கண்டால் நடுங்குகிறான்.

பிளவுபட்ட அண்ணம், சிறுநீர்ப் பாதைக் கோளாறு, கைகால் வளைவு என்று பலமுறை தியேட்டருக்கு வரவேண்டிய குழந்தைகளுக்கு இதுதான் பெரிய சுமை. சென்றமுறை எது மோசமாக இருந்தது என்று குழந்தையையே கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்தது இருக்காது. முகமூடியின் வாடையாக இருக்கும், கட்டிலில் கட்டிய பட்டையாக இருக்கும், விழித்தபோது யாருமில்லாததாக இருக்கும். அதைப் போன முறை டிஸ்சார்ஜ் சீட்டோடு மயக்க மருத்துவரிடம் கொண்டுபோங்கள், ஆபரேஷனுக்கு முதல் நாளில் வேண்டாம், ஒரு வாரம் முன்பாவது. முகமூடிக்குப் பதில் ஊசி, ஊசிக்குப் பதில் முகமூடி, முன்பே அமைதி மருந்து, லிஸ்ட்டில் முதல் இடம் என்று மாற்றக்கூடியவை நிறைய. ஒரு முகமூடியை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அவனையே பொம்மைக்கு மாட்டிப் பழக விடலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் அவனுக்கே தேர்வு கொடுங்கள்: எந்தக் கையில் ஊசி, எந்தப் பொம்மை கூட வரவேண்டும். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை அவனிடம் கேள்வியாக வைக்காதீர்கள்; அவன் வேண்டாம் என்றால் உங்களிடம் பதில் இருக்காது.